சுதன் பேரில் நான் எழுதாத பிழைகள்

அன்பு குறையாத சிவநேசன் அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. திவசத்துக்கு அக்கா ஐயரை அழைத்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். நீங்கள் விரும்பிச் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பும் படையலில் இருந்தது. சேரவேண்டியதெல்லாம் உங்களுக்குச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். சேராமல் கிடப்பது உங்கள் பேஸ்போல் அணியின் சங்கதி ஒன்றுதான். அதை ஐயர் சொல்லமாட்டார், நான்தான் சொல்லவேண்டும்.

நல்ல செய்தியோடு தொடங்க என்னிடம் ஒன்றுமில்லை. போன வருடம் கடைசியாக வந்தோம். அதற்கு முதல் வருடமும் கடைசி என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடமும் அப்படியென்றால் எங்களைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். மல்வேர்னில் நீங்கள் நாயாய் அலைந்து எடுத்துத் தந்த மைதானமும் கை விட்டுப் போகும்.

அணி தொடங்கிய காலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒருவருக்கும் பேஸ்போல் தெரியாது. எல்லோரும் ஊரில் கிரிக்கெட் ஆடி வந்தவர்கள். பந்தை அடித்தவுடன் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மட்டையைப் போடு, மட்டையைப் போடு என்று அம்பயர் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். நீங்கள் ஓடிச் சேரவேண்டிய முதலாவது பேஸுக்கு மட்டையை நீட்டியபடி குப்புற விழுந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அன்றைக்குத்தான் ஸ்கோர் புத்தகத்தை என் கையில் தந்தீர்கள். ஆஸ்பத்திரி லாப்பில் ரத்தம் எடுத்த குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறவளுக்குத்தான் பிழையில்லாமல் எழுத வரும் என்பது உங்கள் நியாயம். உங்களுக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை அத்தான். அல்லது நன்றாகவே தெரிந்திருந்ததோ?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடித்தவன் ஓடி முதலாவது பேஸைப் பிடித்துவிட்டால், அது அவன் கெட்டித்தனமா, பந்தைத் தடுக்கவேண்டியவன் விட்ட பிழையா என்று யாராவது தீர்மானிக்கவேண்டும். கெட்டித்தனம் என்றால் ஹிற் என்று எழுதுவோம். அது பந்து போட்ட பிச்சரின் தலையில் விழும். பிழை என்றால் எரர் என்று தடுக்க நின்றவனின் பெயருக்கு எழுதுவோம். எங்கள் லீக்கில் அந்தத் தீர்ப்பு ஸ்கோர் எழுதுகிற ஆளுடையது. அதாவது என்னுடையது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு உங்கள் மகன் சுதனின் கல்யாணம் முறிந்தது. அஜக்ஸில் உங்கள் வீட்டு பேஸ்மெண்டுக்குத் திரும்பி வந்தான். வேலைக்குப் போகவில்லை, ஒருவரோடும் கதைக்கவில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் மேலே ஏறி வந்தான். பிச்சருக்குப் பின்னால், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில், சோர்ட்ஸ்டொப் என்ற இடத்தில் அவனை நிறுத்தினீர்கள். அதிகமான பந்து அந்தப் பக்கம்தான் வரும். முதல் நாளே நேராக வந்த ஒன்றை அவன் காலுக்கு இடையால் விட்டான்.

நான் எரர் என்று எழுதப் பேனாவை வைத்தேன். நீங்கள் குனிந்து என் காதுக்குள், "ரஞ்சி, உது ஹிற் எண்டு போடு. அவனுக்கு இப்ப இது ஒண்டுதான் இருக்கு," என்றீர்கள். நான் போட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் வாய் திறக்கத் தேவையே வரவில்லை. சுதன் ஒன்றை விட்டால் பக்கத்தில் உங்கள் செருமல் கேட்கும். நானும் ஹிற் என்று எழுதிவிடுவேன்.

ஆட்டம் முடிய அவன் வந்து புத்தகத்தை எட்டிப் பார்ப்பான். தன் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை என்று கண்டதும் இறுகியிருந்த தோள் கொஞ்சம் இறங்கும். அது பிடிக்கமுடியாத பந்து என்று புத்தகத்தை நம்பினான். அந்தத் தோள் இறங்குவதைப் பார்த்த எனக்கு எப்படி அத்தான் எரர் என்று எழுத மனம் வரும்?

ஆனால் அவன் அடுத்த வருடமே தேறிவிட்டான். வேலை எடுத்தான், வேறு வீடு பார்த்துப் போனான், சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும்தான் தேறவில்லை. நீங்கள் செருமிக்கொண்டே இருந்தீர்கள், நான் எழுதிக்கொண்டே இருந்தேன். நீங்கள் போன பிறகு செருமல் இல்லாமலும் எழுதினேன்.

சுதன் விட்டதெல்லாம் யாரோ ஒரு பிச்சரின் தலையில் விழுந்தது. இந்தப் பிச்சர் அடி வாங்குகிறான், வேறு ஆளைப் பிடிப்போம் என்று வருடத்துக்கு வருடம் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தோம். நான்கு பேர் வந்தார்கள், நான்கு பேரையும் அனுப்பினோம். அவர்களில் தர்சன் அதோடு விளையாட்டையே விட்டுவிட்டான். தமிழ்க் கடையில் கண்டால், "எப்பிடி அன்ரி சுகம்?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டு கார் வரை வருவான். எனக்கு வெட்கமாக இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே பையைக் கொடுப்பேன்.

இனி அணிக் கூட்டத்துக்கு வருகிறேன். போன கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், அஜின்கோர்ட்டில் வழக்கமான சாப்பாட்டுக் கடையில் கூடினோம். ரோல்ஸும் தேநீரும் வந்தன. டவுன்ரவுன் ஸ்டேடியத்தில் ஆடுகிற பெரிய அணி தோற்கும் காலத்தில் எங்கள் ஆட்கள் என்ன சண்டை பிடிப்பார்களோ, அதே சண்டை. வெளியில் நிற்கிற நல்ல ஆட்டக்காரரை உடனே எடுப்பதா, அல்லது இரண்டு வருடம் தோற்றாலும் பரவாயில்லை என்று இளசுகளை வைத்து அடியிலிருந்து கட்டுவதா? ஒரே வித்தியாசம், இந்தத் தடவை அது எங்கள் அணி.

உங்கள் இடத்தில் இப்போது குணா அண்ணைதான் மனேஜர். அஜக்ஸில் ஓர் அணி கலைந்துபோக, அங்கே ஆடிய மூன்று பேர் சும்மா நின்றார்கள். ப்ரீ ஏஜன்ட், ப்ரீ ஏஜன்ட், எந்த அணிக்கும் கட்டுப்படாதவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொன்னபோது அவர் வாயில் சீனி போட்டது மாதிரி இருந்தது. அவர்களில் ஒருவன் பிச்சர். அவன் வந்தால் நிரோஜன் போகவேண்டும்.

நிரோஜனை உங்களுக்குத் தெரியாது. போன வருடம் வந்தவன், இருபத்திரண்டு வயது. மல்வேர்னில் தாயோடு இருக்கிறான், வேர்ஹவுஸில் வேலை. ஷிப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி வந்து பந்து போடுவான். நான் கண்ட பிச்சர்களில் அவனைப்போல ஒருவன் இல்லை. அதைப் புத்தகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கமுடியாது.

அணியில் ஆடுகிற கேதீஸ் அவனுக்காகப் பேசினான். வெளி ஆட்கள் ஒரு வருடம் ஆடிவிட்டு நல்ல இடம் கண்டால் பறந்துவிடுவார்கள், நிரோஜனை வைத்துக் கட்டுவோம் என்றான். குணா அண்ணை என் புத்தகத்தின் பக்கங்களைப் போட்டோகொப்பி எடுத்து வந்திருந்தார். அவற்றை மேசையில் பரப்பி, "ரஞ்சியின்ரை புத்தகம் பிழைக்காது. எவ்வளவு ஹிற் குடுத்திருக்கிறான் எண்டு நீங்களே பாருங்கோ," என்றார்.

கப்டன் என்ற முறையில் சுதனும் பேசினான். நிரோஜன் நல்ல பிள்ளைதான், ஆனால் இவ்வளவு ஹிற் கொடுத்தால் பின்னால் நிற்கிறவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டான். அவன் அதை மனமறிந்து சொல்லவில்லை அத்தான். என் கையெழுத்தை நம்பிச் சொன்னான். மேசையின் கடைசியில் வேலைச் சட்டையோடு இருந்த நிரோஜன், "இட்ஸ் ஃபைன் அண்ணா, நான் வேறை டீம் பாக்கிறன்," என்றுவிட்டு ஒரு ரோல்ஸை எடுத்தான். எடுத்ததைக் கடிக்கவில்லை.

கை உயர்த்தச் சொல்லும் நேரம் வந்தது. நான் எழும்பினேன்.

"குணா அண்ணை, உந்தப் பக்கங்கள் பிழை. ஹிற் எண்டு இருக்கிறதிலை கன எண்ணம் சுதன் விட்டது. நான்தான் அவன்ரை பேரிலை எழுதாமல் விட்டனான்," என்றேன்.

அதோடு நின்றேன். உங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. படத்தில் மாலையோடு இருக்கிற மனிதரை ரோல்ஸ் தட்டுக்கு நடுவில் இழுத்து வைக்க எனக்கு விருப்பமில்லை. பிறகு ஒவ்வொரு பக்கமாக எந்த ஹிற் உண்மை, எது பொய் என்று காட்டினேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இப்படிப்பட்டதை மறக்கவா முடியும்?

சுதன் என்னைப் பார்க்கவில்லை. பக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சோர்ட்ஸ்டொப்பைத் தான் விடுவதாகவும் நிரோஜன் அணியில் பிச்சராகவே நிற்கவேண்டும் என்றும் அமைதியாகச் சொன்னான். வெளியாட்கள் வேண்டாம் என்று முடிவாயிற்று. அஜக்ஸ் ஆட்களிடம் சேர்ட் சைஸ்கூடக் கேட்டுவிட்டேனே என்று குணா அண்ணை தலையில் கை வைத்தார். இன்றைக்கும் அவர் என்னோடு பட்டும் படாமலும்தான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நிரோஜன் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கதவை விட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். சொல்லவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

அக்காவுக்கு மட்டும் முழுக் கதையையும் சொன்னேன். "நான் கிரவுண்டிலை கேக்கிற அந்தச் செருமலைச் சளி எண்டெல்லோ நினைச்சனான். சனிக்கிழமை சனிக்கிழமை கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தனான். அந்த மனிசனும் ஒண்டும் சொல்லாமல் குடிச்சுது," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்காவுக்கு இரண்டும் வரவில்லை. சுதனுக்கு மட்டும் இதைச் சொல்லக்கூடாது, தகப்பன் தன்னை நம்பவில்லை என்று அவன் நினைப்பான் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

வின்ரர்க் குளிர் முழுக்கச் சுதன் என்னோடு கதைக்கவில்லை. பொங்கலுக்கு வந்தான், கும்பிட்டான், போனான். சித்தி தன்மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறாள் என்ற எண்ணம் அவனுக்கு. இரக்கப்பட்டவர்களை மன்னிப்பது கஷ்டம்தானே?

போன சனிக்கிழமை இந்த வருடத்தின் முதல் ஆட்டம். நிரோஜன் பந்து போட்டான். சோர்ட்ஸ்டொப்பில் கேதீஸ் நின்றான். சுதன் தூரத்தில், வலது பக்க மூலையில். ஓர் ஓட்டத்தால் தோற்றோம். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் இரண்டு வருடம் நடக்கப்போவதுமில்லை. கீழ்ப் பிரிவுக்குப் போனாலும் போவோம். ஆனால் இந்தத் தோல்வி எப்படி வந்தது என்பது புத்தகத்தில் சரியாக இருக்கிறது.

ஆட்டத்தின் நடுவில் உயரமாக வந்த ஒரு பந்து சுதனின் கையில் பட்டு விழுந்தது. நான் எரர் என்று எழுதி, அவன் பெயரையும் எழுதினேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் அடிக்கும் முறை வந்ததும் அவன் பெஞ்சுக்கு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"சித்தி, நீங்கள் மாத்தி எழுதினது அப்பாவுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்கு நேரே மை இன்னும் காயவில்லை. அதை வைத்துக்கொண்டு இன்னொரு பொய்யை எப்படிச் சொல்வது?

"தெரியும் தம்பி. அப்பாதான் கேட்டவர். நீ ஒவ்வொண்டு விடேக்கையும் எனக்குச் செருமிக் காட்டினவர்," என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்தான், போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அப்பா ஒரு நாளும் என்ரை விளையாட்டைப் பற்றி ஒண்டும் சொன்னதில்லை, சித்தி. சும்மா கதைக்கத்தான் வந்து இருக்கிறார், என்னைப் பாக்கிறேல்லை எண்டு நினைச்சன்," என்றான். பிறகு, "அப்ப ஒண்டு விடாமல் பாத்திருக்கிறார்," என்றான்.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மட்டையை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு அதற்குப் பிறகு இரண்டு பந்து என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கேதீஸிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

அத்தான், உங்கள் மகன் விடுகிற பந்தை இனி அவன் பெயரிலேயே எழுதுவேன். பிடிக்கிற பந்தையும் எழுதுவேன். எழுதிவிட்டு, ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து அவனைப் பார்ப்பேன். நான் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரியும்படி பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்டு நடந்த, இனிக் கேட்காத,
மச்சாள் ரஞ்சி