சுவரில் ஒட்டிய தாள்

ஆண்டவருக்குள் அன்பான என்னவருக்கு,

நேற்று ஆராதனைக்குக் கிளம்பும்போது, சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்தில் தரையில் படுத்துறங்கிய யுவராணியைத் தூக்கிவந்தார்கள்.

"வயித்து வலிதான் டாக்டரம்மா, பாம்பெல்லாம் கடிக்கல. தேனி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருங்க" என்று அவள் கணவர் பதறினார்.

"ஆண்டவரே, நிதானம் தாரும்" என்று கை கழுவும் நேரத்துக்குள் ஜெபித்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னேன், இமை எழவில்லை. கடித்த தடமும் இல்லை. ஆனாலும் தரையில் தூங்குபவரைத் தடம் தெரியாமல் கடித்து, வயிற்றுவலியைக் கொடுத்து இமையைச் சாய்க்கும் கட்டுவிரியன்தான் என்று முடிவெடுத்தேன். அனுப்பினால் வழியிலேயே மூச்சு நின்றுவிடும். விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றினேன்.

இன்று காலை கண் திறந்து காபி கேட்டாள்.

எப்படித் தெரிந்தது என்றாள் நர்ஸ். சுவரைக் காட்டினேன். "வயிற்றுவலி என்று வந்தாலும் இமையைப் பாருங்கள்." போன வருஷம் வயிற்றுவலி என்று நீங்கள் தேனிக்கு அனுப்பியவர் வழியிலேயே இறந்த பிறகு, இனி வைத்தியம் பார்க்க மாட்டேன் என்று நீங்கள் எழுதி ஒட்டிவிட்டுப் போன தாள்.

செவ்வாய்க்கிழமை ஓ.பி. இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

உங்கள் மனைவி