கொடியடுப்பில் ஏறிய தீ

மேலப்பாளையம்,
2-2-2026

அன்பு மருமகள் ஷமீமுக்கு, உன் மாமி ஆபிதா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே உன் நலமும், பேத்தி அர்வாவின் நலமும், உன் உம்மா வாப்பாவின் நலமும் அறிய ஆவல்.

மாமி கடிதம் போடுகிறாளே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் போட்டால் நீ “சரி மாமி, சரி மாமி” என்று மரியாதையாகப் பேசி வைத்துவிடுகிறாய். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பேறுகாலத்துக்கு ஏழாம் மாதம் ஏர்வாடிக்குப் போனவள் நீ. நாற்பது நாளும் கழிந்து, அர்வாவுக்கு ஆறு மாதமும் ஆகிவிட்டது. நீ வருகிற மாதிரித் தெரியவில்லை. சவூதியில், தம்மாமிலிருந்து என் மகன் சல்மான் பேசினால், “அவ அங்கனயே இருக்கட்டும்மா, அந்தப் பொகையில அவளால இருக்க முடியாது” என்கிறான். புகை பாதிக் காரணம். மீதிக் காரணம் என் வாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

போன மாதம் மூன்று நாள் விடாமல் அடித்த மழையில் பின்கட்டு ஓடு ஒழுகி, அடுப்பின் ஒரு பக்கம் ஊறிப் பொத்தென்று விழுந்துவிட்டது. தெருவிலேயே மழமழவென்று இருப்பது என் அடுப்புதான் என்று நான் பீற்றிக்கொள்வேனே, அதே அடுப்புதான். உடைந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். பரோட்டாவைப் பிய்த்தால் தெரியுமே, அப்படி அடுக்கடுக்காக இருந்தது. ஒரு செம்மண், ஒரு சுண்ணாம்பு, மறுபடி ஒரு செம்மண். வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் நான் பூசிய பூச்சு, முப்பத்திரண்டு வருஷத்துப் பூச்சு. வெளியே மட்டுமா பூசினேன்? கையை உள்ளே விட்டு வாய், தொண்டை எல்லாம் தடவிவிடுவேன். அவ்வளவு சுத்தம் எனக்கு. பத்தொன்பதுவரை எண்ணிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெருமுனையில் இருக்கிற மாரிக்கண்ணு கொத்து வேலைக்குப் போகிறவள். அவளைக் கூப்பிட்டேன். பெரிய அடுப்பிலிருந்து அதோடு ஒட்டின சின்னக் கொடியடுப்புக்குப் போகிற துவாரத்தில் அவள் கையை விட்டுப் பார்த்தாள். அந்த வழியாகத்தான் தீயும் புகையும் போய், கொடியடுப்பைத் தாண்டிப் புகைக்கூண்டில் ஏற வேண்டுமாம். “யக்கா, ஒரு வெரலு நொழையல. பின்ன பொக எங்கன போவும்? ஒங்க நெஞ்சுக்குள்ளதான் போவும்” என்றாள். அந்தக் கொடியடுப்பு எரிந்து நான் பார்த்து முப்பது வருஷம் இருக்கும். அது அப்படித்தான் என்று நினைத்து அதில் உப்புச் சாடியை வைத்திருந்தேன்.

நீ கல்யாணமாகி வந்த மூன்றாம் வாரமே இதைச் சொன்னாய். “மாமி, பொக போற வழி அடைச்சிருக்கு, மேல பூசாம உள்ள சொரண்டிப் பாக்கணும்” என்றாய். நேற்று வந்தவள் எனக்கு அடுப்புப் பூசச் சொல்லித் தருகிறாளா என்று நான் கேட்டேன். பிசிக்ஸ் படித்தவளுக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும் என்று வேறு கேட்டேன்.

உன் மாமா, “கேஸ் அடுப்பு கெடக்குல்லா, இத இடிச்சித் தள்ளுளா” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீ சொன்னது சரிதானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நானும் மாரிக்கண்ணுவும் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தோம். களிமண்ணும் ஆற்று வண்டலும் உமியும் போட்டு மிதித்து, இடிந்த பக்கத்தைக் கட்டினோம். நிழலில் காய வேண்டும், ஏழு நாளைக்குத் தீ காட்டக் கூடாது என்றாள். உன் மாமாவுக்கா பொறுமை? இரண்டாம் நாளே கொளுத்திப் பார்ப்போமா என்று சுற்றிச் சுற்றி வந்தார். தீப்பெட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பிஸ்மி சொல்லி, இரண்டு உடைமர விறகு வைத்துப் பற்ற வைத்தேன். பழக்கதோஷம், முந்தானையால் வாயைப் பொத்தி, கண்ணை இடுக்கிக்கொண்டு புகைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்தேன். ஷமீம், விறகே வைக்காத கொடியடுப்பில் தீ எழும்பி நின்றது! நான் அதில் ஒரு குச்சிகூட வைக்கவில்லை. பெரிய அடுப்புத் தீ உள்ளே வளைந்து போய், அங்கே ஒரு சாண் உயரத்துக்கு நீலமும் மஞ்சளுமாக நிற்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று கத்தினேன் போலிருக்கிறது, உன் மாமா வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவரும் குனிந்து பார்த்தார். வெளியே போய் அண்ணாந்து பார்த்தால் புகைக்கூண்டின் மேல் புகை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் அடுப்படியில் கிடந்தும் நான் தீயைச் சரியாகப் பார்த்ததே இல்லை, ஷமீம். ஒரு பானைச் சோறு வடிக்கும்வரை நான் ஒரு தடவை இருமவில்லை. என் இருமலை வயசுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. விட்டத்தில் சுரண்டிய கரி மட்டும் ஒரு வாளி இருந்தது. அதில் உன் பங்கு எவ்வளவு, வயிற்றிலிருந்த பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கேஸ் இருக்கும்போது சோறும் கறியும் விறகடுப்பில்தான் என்று அடம் பிடித்தவள் நான். நீ இழுத்து இழுத்து இருமிய அன்று, எதிர்வீட்டுத் தஸ்மியாவிடம், “கேசுல சமைக்கதுக்கு இப்பிடி ஒரு நடிப்பு” என்றேன். நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். அது எனக்குத் தெரியும். உன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். என்னை மன்னித்துவிடு, மகளே. தஸ்மியாவிடமும் போய், என் மருமகள் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாயைப் பிளந்தாள்.

நோன்புக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. இந்த வருஷம் அடுப்பை இன்னும் பூசவில்லை. எங்கே பூசலாம், எவ்வளவு கனத்துக்குப் பூசலாம் என்று நீ சொன்ன பிறகுதான் மண்ணில் கை வைப்பேன். கேஸ் அடுப்பையும் ஜன்னல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டேன். எதில் சமைப்பது என்பது உன் இஷ்டம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சோறு வேகும்போதே கொடியடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர் தானாகச் சூடாகிவிடுகிறது. சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டச் சரியான அளவு. தினமும் வைக்கிறேன். ஆறின பிறகு உன் மாமா எடுத்து முகம் கழுவிக்கொள்கிறார்.

நீ ஒரு தடவை வந்து, அந்த அடுப்படியில் நின்று, மூச்சை இழுத்துப் பார். பிள்ளையை வாசலில் மாமாவிடம் கொடுத்துவிட்டே வா. நெஞ்சில் கொஞ்சம் கரித்தாலும் அன்றைக்கே நானே உன்னை ஏர்வாடியில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். உனக்கும் அர்வாவுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், தடையில்லாத மூச்சையும் தரட்டும். ஐந்து வேளையும் எனக்கு இந்த துஆதான்.

தண்ணீர் சுடவைத்துக் காத்திருக்கும்
உன் மாமி,
ஆபிதா பீவி