ஒரே பையில் போன இரண்டு மெழுகுத் துண்டுகள்

அக்குறணை
04.06.2000

அன்புள்ள கமலாக்காவுக்கு,

அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் சுகம். நீங்களும் தேவராசா அண்ணனும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரே வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து, ஒரே கிழமையில் மார்பை வெட்டிக் கொடுத்தவர்கள் நாம். அதனால் நல்ல செய்தியை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். கொழும்பிலிருந்து என் ரிப்போட் வந்துவிட்டது. என் புற்றுச் செல்லில் ஹோர்மோன் ஏற்பிகள் இருக்கின்றனவாம். சாயம் போட்டதும் செல்லின் நடுவெல்லாம் கபில நிறமாகிவிட்டதாம். ஹோர்மோன் போய் ஒட்டுகிற அந்த இடத்தை அடைக்க, விழுங்குகிற குளிசை இருக்கிறது, ஐந்து வருடம் விடாமல் போட வேண்டும் என்றார் டொக்டர்.

உங்களுடையதும் இன்றைக்கு நாளைக்கு வரும். அண்ணனின் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருப்பதால் வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி வைத்துவிடுவார்கள் என்றுதானே, நம் இரண்டு பேரின் சதையும் பதித்த மெழுகுத் துண்டுகளை எங்கட இவர் ஒரே பையில் கொழும்புக்குக் கொண்டுபோனார்? வந்த உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
றம்லத்

அம்பிட்டிய
15.06.2000

றம்லத்,

எனக்கும் வந்துவிட்டது. எனக்கு அந்த ஏற்பிகள் ஒன்றுமில்லை. எத்தனை சாயம் போட்டும் என் செல்லுகள் நீலமாகவே கிடந்தனவாம். குளிசை எனக்குச் சரிவராது, இன்னும் ஊசிதான் என்கிறார்கள். மிச்சம் இருக்கிற மயிரும் கொட்டப் போகிறது.

கட்டி பெரிது உனக்கு. பயந்து அழுததும் நீ. தலையைத் தடவிவிட்டது நான். இப்போது குளிசை உனக்கு! பொறாமையாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். உன் கடிதத்தைப் பார்த்தால் வயிறு பற்றி எரிகிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். கொழும்பில் பையைத் திறந்து கொடுத்தபோது பெயர் மாறியிருக்காது என்று உன் புருஷன் நளீரால் சத்தியம் பண்ண முடியுமா? நீ விழுங்குவது என்னுடைய குளிசையாக இருந்தால்?

கமலாசனி தேவராசா

அக்குறணை
21.06.2000

அன்புள்ள கமலாக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். "மாறித்தான் போயீந்தா ஒரு பொம்புளைட உசிரு என் கழுத்துல" என்றார். மாறவில்லை என்று சத்தியம் பண்ண அவருக்குத் துணிவு வரவில்லை அக்கா.

அதனால் குளிசைப் போத்தலை இதோடு அனுப்புகிறேன். உண்மை தெரியும்வரை நான் போடமாட்டேன். உங்களுடையதென்றால் நீங்கள் போடுங்கள். என்னுடையதென்றால் திருப்பி அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

றம்லத்

அம்பிட்டிய
30.07.2000

என் தங்கச்சி றம்லத்துக்கு,

இதைக் கண்ட உடனே, இதோடு திருப்பி அனுப்புகிற போத்தலைத் திறந்து ஒரு குளிசையைப் போடு. பிறகு மிச்சத்தை வாசி.

டொக்டரோடு நான் சண்டை பிடித்ததில், ஆஸ்பத்திரியில் மிச்சம் வைத்திருந்த நம் இரண்டு பேரின் சதையையும் புதிதாக வெட்டிச் சாயம் போட்டுப் பார்த்தார்கள். மாறவில்லை. உன்னுடையது கபிலம், என்னுடையது நீலம். நளீர் தம்பியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அந்த ரிப்போட் போன கிழமையே வந்துவிட்டது, றம்லத். நான் எழுதவில்லை. போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். நீயும் என்னைப் போல குளிசையில்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு உதவாது என்று தெரிந்தும் அதில் சிலதை விழுங்கினேன். நேற்று இவர் போத்தலைக் கண்டுபிடித்து, "அந்தப் பிள்ளையைக் கொல்லப்போறீரோ?" என்று கேட்டார். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓம், எரிச்சல் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த எழுத்தை எழுதும்போதும் இருக்கிறது. எனக்கு முடிந்துபோனாலும் நீ அந்த ஐந்து வருடத்தையும் விடாமல் முடி. நான் பொறாமைப்பட்ட சீவியத்தை நீயாவது வாழ்ந்து தீர்க்க வேண்டும்.

உன்,
கமலாக்கா