ஒரே ஒரு சிவப்புக் கதவு

சேசு மரி சூசை

சேலம்
8-7-1966

அன்புள்ள ஜெபமலர் அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் வெண்ணந்தூருக்கு பஸ் ஏறிப்போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அப்பா மூன்று தரம், "என் பேத்தி எப்போ வருவா?" என்று கேட்டுவிட்டார். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வந்த களைப்பிலும் ஆரோக்கியத்தின் பேச்சுதான். அவளுடைய ரிப்பன் ஒன்று இங்கே கிடக்கிறது. எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா கொடுத்த புளி நனையாமல் வந்து சேர்ந்ததா?

வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துப்போய் ஏழாவதோடு நின்றவளுக்கு, மடத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆயா வேலை கிடைத்ததைச் சொல்லிச் சிரித்தாய். சிரி. அந்த பிளாஸ்டிக் கட்டைப் பெட்டியை மதர் என் பொறுப்பில் விட்டபோது எனக்கும் நம்ப முடியவில்லைதான். ஆலந்து தேசத்துக் கன்னியர்கள் நம் குழந்தைகளுக்கு அனுப்பிய பெட்டி. அதிலிருந்த படத்தைப் பார்த்து வீடு கட்ட டீச்சர்களுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. அவ்வளவுதான்.

நீ பார்த்தாயே, பெட்டி நிறையச் செங்கல் மாதிரி கட்டைகள். அவை சுவருக்கு. ஒன்று குறைந்தால் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனியாகத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேனே, அதில் இருப்பவை வந்தால்தான் அது வீடு. கூரைக்குச் சரிவான கட்டை பன்னிரண்டு. மூலைக்கு வளைந்தது நான்கு. கண்ணாடி ஜன்னல் ஐந்து. ஒற்றைக் குமிழ் வைத்த பொடிக் கட்டைகள் ஒரு கை, சுவரில் சந்து விழுந்தால் அடைக்க. வண்டிக்குச் சக்கரம் இரண்டு ஜோடி. பிறகு ஒரே ஒரு சிவப்புக் கதவு, நிலையோடு சேர்ந்தது, திறந்து மூடக்கூடியது.

அந்தக் கதவைக் காணோம் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் உங்களுக்குக் காட்டியபோது இருந்தது. திங்கட்கிழமை காலையில் இல்லை. பெஞ்சுக்கு அடியில், குப்பைக் கூடையில், ஜன்னல் மேலிருக்கும் குருவிக் கூட்டில்கூடக் கைவிட்டுப் பார்த்தேன். ஆரோக்கியத்தின் பாவாடை மடிப்பில் தெரியாமல் சிக்கிக்கொண்டு வந்திருக்குமா? துவைக்கும்போது ஒரு தரம் உதறிப் பார். அவளைக் கேட்க வேண்டாம், பயந்துவிடுவாள். மதரிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் தங்கை
சகாயம்மாள்

*

வெண்ணந்தூர்
14-7-1966

தங்கை சகாயத்துக்கு,

உன் கடிதத்தை உன் மாமா தறியை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தார். கதவைக் காணோம் என்ற இடத்தில் அத்தை பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு, "யாரு எடுத்துட்டு வந்ததாமா?" என்று கேட்டார்கள். என் மானம் தறிக்குழிக்குள் போயிற்று. இனிமேல் இந்த மாதிரி எழுதுவதாக இருந்தால் எழுதாமலே இரு.

நாலு வயசுப் பிள்ளை கதவைத் தூக்கிக்கொண்டு வந்து எந்தச் சுவரில் மாட்டப் போகிறாள்? எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. அதில் பாதி தறி. மீதியில் அத்தையும் நாங்கள் மூன்று பேரும். எங்கள் கதவு பாதிதான் திறக்கும், மீறினால் தறிக்கட்டையில் இடிக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் வீட்டுக்குள் போகிறேன். தனி வீட்டுக்காக அந்தோனியாருக்குப் பொருத்தனை வைத்துக்கொண்டு நான் கிடக்கிறேன். உனக்கு பொம்மைக் கதவு பெரிசாகப் போயிற்று.

பாவாடையை மூன்று தரம் உதறியாயிற்று. மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஆரோக்கியம் உன் கதவைத் தொடவில்லை. ஒரு பெட்டிக் கட்டையில் ஒன்று போனதற்காக ஆலந்து தேசம் கடலில் மூழ்கிவிடாது.

புளி வந்து சேர்ந்தது.

ஜெபமலர்

*

சேலம்
22-7-1966

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை மன்னித்துக்கொள். ஆரோக்கியத்தைச் சந்தேகப்பட்டு எழுதவில்லை. எழுதிய பிறகு படித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. பேசத்தான் வராது, எழுதவாவது வரும் என்று நினைத்திருந்தேன்.

மதருக்குத் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளன்று போட்டோக்காரர் வருகிறார். குழந்தைகள் கட்டி முடித்த வீட்டோடு நிற்கிற படம் வேண்டும் என்று ஆலந்தில் கேட்டிருக்கிறார்களாம். அதற்காகப் பெட்டியோடு வந்த தாளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள். கதவு என்றதும் நான் நின்றேன். "எங்கே?" என்றார்கள். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உனக்குத்தான் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டார் வந்தார்கள் என்று சொன்னால் ஆரோக்கியத்தின் பெயர் வரும். அதனால் அதையும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றால் எடுத்தவள் மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் வாய் வரவில்லை.

சமையல்கட்டு சென்னியம்மாள், "ஊமையாட்டம் இருக்கறவளுக்கு வேல எவ்வளவு சுத்தமா இருக்குது பாருங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

மதர் திட்டவில்லை. "பதினஞ்சாம் தேதிக்குள்ள கதவு வரணும் சகாயம்மா. வரலேன்னா நீ வீட்டிலேயே இருந்துக்கோ" என்றார்கள். திட்டியிருக்கலாம்.

ஒன்று போனால் என்ன என்று கேட்டாயே. நானும் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். வளைந்த கட்டைகளை வைத்து வாசல் கட்டினேன், மாட்டுக் கொட்டகை மாதிரி இருந்தது. தட்டைக் கட்டையைச் சாத்தி வைத்தேன், குழந்தைகள் தொட்டதும் விழுந்தது. அந்த வீட்டில் அசைகிற உருப்படி அது ஒன்றுதான் அக்கா. குழந்தைகள் முதலில் விரலை வைப்பதும் அதில்தான். திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "டீச்சர், யாரும் இல்லே" என்பார்கள். என்னை டீச்சர் என்பார்கள். அவர்களிடம் பேச எனக்கு வியர்ப்பதில்லை.

கோபம் தீராவிட்டால் பதில் எழுத வேண்டாம். ஆரோக்கியத்துக்கு முத்தம்.

சகாயம்மாள்

*

வெண்ணந்தூர்
28-7-1966

என் கண்ணு சகாயத்துக்கு,

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. இதை நானே எழுதி, நானே தபால் பெட்டியில் போடுகிறேன். உன் மாமாவுக்குக்கூடத் தெரியாது. உன் பதிலையும் தபால்காரரிடம் நானே வாங்கிக்கொள்வேன்.

கதவை எடுத்தது நான்.

அன்றைக்கு நீ ஆரோக்கியத்துக்கு வண்டி கட்டிக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் அந்தக் கதவை நகத்தால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் வரைக்கும் முழுக்கத் திறந்தது. எதிலும் இடிக்கவில்லை. எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊர் அந்தோனியார் கோயிலில் கண் சரியானவர்கள் வெள்ளிக் கண் போடுகிறார்கள், வீடு வேண்டுகிறவர்கள் வெள்ளித் தகட்டில் வீடு செய்து போடுகிறார்கள். வெள்ளிக்கு நான் எங்கே போவேன்? இத்தனை கட்டைகளில் ஒன்றுதானே, சகாயத்துக்குத் தெரியவா போகிறது என்று முந்தானையில் முடிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்குப் போய்க் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன். அது பெட்டிக்கே ஒன்றுதான் என்று நீ எழுதித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஆணை வைத்துக் கடிதம் எழுதினேன். ஆரோக்கியம் தொடவில்லை என்பது சத்தியம்தான். அந்தச் சத்தியம் இரண்டு வாரமாக என் தொண்டையில் நிற்கிறது.

நீ எனக்காக மதர் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றாய் என்று படித்தபோது, சோறு இறங்கவில்லை.

உண்டியலை மாதத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகுதான் திறப்பார்கள். ஆகஸ்ட் ஏழாம் தேதி. சாமியாரிடம் கேட்பதற்குக் கிணற்றில் குதிக்கலாம். ஆனாலும் கேட்பேன். அதற்கு முன்பே மதரிடம் வந்து நான்தான் என்று சொல்ல வேண்டுமானால் எழுது, அடுத்த பஸ்ஸில் வாரேன்.

உன் பாவப்பட்ட அக்கா
ஜெபமலர்

*

சேலம்
1-8-1966

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைக் கொல்லையில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பத்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன். கதவு எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அதுவும் அந்தோனியாரிடம். காணாமல் போனதைத் தேடித்தரச் சொல்லி நான் தினமும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்.

நீ வர வேண்டாம். மதரிடம் நான் உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று எழுதத்தான் வேண்டும். நீ கேட்டிருந்தால், "கதவு ஒன்றுதான் இருக்கிறது, ஜன்னல் தருகிறேன்" என்று மதரிடம் எப்படியாவது அனுமதி வாங்கித் தந்திருப்பேன். நான் வாய் பேசாதவள் என்பதால் எனக்குக் கேட்கவும் கேட்காது என்று நீயும் நினைத்துவிட்டாய். சென்னியம்மாள் சொன்னது வலிக்கவில்லை. இது கொஞ்சம் வலிக்கிறது. எழுதிவிட்டேன், இனி இல்லை.

அந்தோனியாருக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் உன் வேண்டுதல் கெட்டுவிடுமா? அதைச் சாமியாரிடம் கேள். அது கெடுவதாக இருந்தால் வாங்காதே. நான் வீட்டில் இருந்துகொள்கிறேன்.

சகாயம்மாள்

*

வெண்ணந்தூர்
8-8-1966

அன்புள்ள சகாயத்துக்கு,

வாங்கிவிட்டேன்!

நேற்றுப் பூசை முடிந்ததும் கோயில் நடையில் பாய் விரித்து உண்டியலைக் கொட்டினார்கள். சாமியாரும் உபதேசியாரும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூண் ஓரமாக நின்றேன். சில்லறைக்கும் வெள்ளிக் கண்ணுக்கும் நடுவில் சிவப்பாக உன் கதவு. உபதேசியார் அதை எடுத்துத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், பிறகும் திறந்தார். "சாமி, யாரோ அந்தோனியாருக்குக் கதவு வாங்கிப் போட்டிருக்காங்க" என்றார். "ஏன், கோயில் கதவு நல்லாத்தானே இருக்குது?" என்றார் சாமியார். எல்லோரும் சிரித்தார்கள்.

சாமியாரைத் தனியாகப் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிப்பு அடங்குவதற்குள், "நான்தானுங்க சாமி" என்று என் வாயே சொல்லிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் அத்தை. இனி மறைத்து என்ன? தங்கை வேலை செய்கிற மடத்திலிருந்து எடுத்தேன், தனி வீடு வேண்டிப் போட்டேன், அவள் வேலை போகப் போகிறது, திருப்பிக் கொடுங்கள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அத்தை முன்னால் வந்தார்கள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். "ஏன் புள்ள, தனி ஊடு வேணும்னு நீயும் வேண்டிக்கிட்டயா? நானும் அதுக்குத்தானே செவ்வாய் தவறாம மெழுகுதிரி வெச்சுக்கிட்டு இருக்கறேன்! உன்ற புருசன் உடற கொறட்டையில நான் தூங்கி அஞ்சு வருசம் ஆச்சு!" என்றார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

உன் சந்தேகத்தையும் கேட்டேன். "அடுத்தவங்க பொருளை அந்தோனியார் எப்பவும் வாங்கினதில்லம்மா. இத்தன நாளா உனக்காகப் பத்திரமா வெச்சிருந்தாரு, அவ்வளவுதான். வேண்டுதல் கெடாது" என்றார். செய்த பாவத்தை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். செபமாலையை உருட்டி ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லச் சொன்னார். இரண்டு தரம் சொன்னேன்.

நீ எழுதியது சரி. உனக்கு வாய் இல்லை என்று நினைத்துத்தான் கேட்காமல் எடுத்தேன். இனி கேட்பேன். நீயும் திட்டுவதை எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதே, நேரிலும் திட்டு.

புதன்கிழமை உன் மாமா நெய்த துணியைக் கொடுக்கச் சேலம் வருகிறார். கதவு அவர் சட்டைப் பையில் இருக்கும். பையின் வாயை ஊசி நூலால் தைத்துவிட்டேன்.

உன் அக்கா
ஜெபமலர்

*

சேலம்
16-8-1966

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா வந்து சட்டைப் பையைப் பிரிக்க முடியாமல் கடைசியில் பல்லால் கடித்துப் பிரித்தார். அத்தனை தையல் எதற்கு?

அவரை உட்கார வைத்துவிட்டுக் கதவை மதரிடம் கொண்டுபோனேன். "எங்க இருந்துச்சு?" என்றார்கள். வியர்த்தது. ஆனால் வாய் வந்தது. "அந்தோனியார் கோயில் உண்டியல்ல இருந்துச்சு மதர்." "யார் போட்டது?" "வீடு வேணும்னு வேண்டிக்கிட்ட ஒருத்தங்க மதர். பேரு சொல்ல மாட்டேன். நான் போடல." இவ்வளவு நீளமாக மதரிடம் நான் பேசியதே இல்லை. மதர் கதவைக் கையில் வாங்கினார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். யார் கையில் கொடுத்தாலும் அதைத்தான் செய்கிறார்கள். பிறகு, "அன்னைக்கே இப்படிப் பேசியிருக்கக் கூடாதா? பெட்டியை எடுத்துட்டுப் போய்க் கட்டு" என்றார்கள். சென்னியம்மாள் அன்று எனக்குக் காபியில் சர்க்கரை கூடப் போட்டாள்.

மாமா உன்னிடம் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். அவர் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உங்கள் வீட்டையே கட்டிப் பார்த்தோம். அவர் கையால் சாண் காட்டினார், நான் சாணுக்கு இரண்டு குமிழ் என்று வைத்துக்கொண்டேன். தறிக்கு ஒரு நீளக் கட்டை. கதவை மாட்டித் திறந்தேன், பாதியில் தறியில் இடித்தது. நீ சொன்னது அப்படியே. சும்மா நிலையோடு கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். இப்போது வெளிப்பக்கமாக, தெருவைப் பார்த்துத் திறந்தது. முழுக்கத் திறந்தது. உள்ளே கதவு சுழன்றுகொண்டிருந்த இடம் அப்படியே காலியாகிவிட்டது. ஒரு பாய் விரித்து, தட்டி கட்டி மறைக்கிற அளவு இடம்.

மாமா அந்தக் கதவை விரலால் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு, "அட, அஞ்சு வருசமா ஊட்ட மாத்தோணும்னு வேண்டிக்கிட்டு இருந்தமே தவிர, கதவத் திருப்பி மாட்டோணும்னு ஒருத்தருக்கும் தோணலையே!" என்றார். ஊருக்குப் போனதும் ஆசாரி சின்னண்ணனைக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிட்டாரா? தட்டிக்கு அந்தப் பக்கம் அத்தைக்குக் குறட்டை கேட்கத்தான் செய்யும். அதற்கு என் பெட்டியில் கட்டை இல்லை.

நேற்று போட்டோ எடுத்தார்கள். மதர் என்னையும் நிற்கச் சொன்னார்கள். நான் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மேசை சாய்வு, கதவு தானாகவே மூடிக்கொண்டது. மூடியிருந்தால் அழகாக இல்லை என்று குழந்தைகள் கத்தினார்கள். வீட்டுக்குப் பின்சுவர் வைக்கவில்லை. அதனால் பின்னாலிருந்து கையை விட்டுக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

படம் வந்ததும் உனக்குக் காட்டுகிறேன். திறந்த வாசலில் ஒரு விரல் தெரியும். அது நான்தான்.

உன் தங்கை
சகாயம்மாள்