முப்பதாம் நோன்பு என்னும் சும்மா நாள்

குசினிக்குள்ளிருந்து மருதோன்றி வாசம் வருகிறது. விடிந்ததும் விடியாததுமாக என் மகள் வேலியோரத்து மரத்தில் இலை உருவிக் கொண்டுவந்து அம்மியில் அரைக்கிறாள். கடையில் மருதோன்றிக் கோன் வாங்கித் தருகிறேன் என்றால் கேட்கமாட்டாள். "கோன் சிவக்காது உம்மா, கறுக்கும்" என்கிறாள். இந்த நியாயமெல்லாம் 'சாச்சி, சாச்சி' என்று உன் பின்னால் திரிந்து அவள் படித்ததுதான்.

நேற்று இருபத்தொன்பதாம் நோன்பு, மாலையில் பிறை தெரியவில்லை, பெருநாள் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. மஃரிப் தொழுகைக்குப் பிறகு கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்ததும் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் சோர்ந்து போயிற்று. வெடி கொளுத்தக் காத்திருந்த பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் நடுவீட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். என் மனுசன் கஞ்சிக் கோப்பையோடு எட்டிப் பார்த்து, "என்ன, கூட்டாளிட ஞாபகமா?" என்றார். பின்னே? முப்பதாம் நோன்பு வந்தால் எனக்கு வேறு யாருடைய ஞாபகம் வரும்?

மிசினுக்கு உறை போட்டாயிற்று. இன்றைக்குத் தைக்க ஒரு துண்டுத் துணியும் இல்லை. நீ இருந்திருந்தால் வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் கதைத்திருப்பேன். இப்போது எழுதித்தான் கதைக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஒழுங்கையில் பிறந்து இந்த ஒழுங்கையிலேயே கலியாணம் முடித்தவர்கள் நாம். மாப்பிள்ளைமார்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உன்னுடையவர் நிந்தவூரிலிருந்து, என்னுடையவர் அக்கரைப்பற்றிலிருந்து. ஒரே வகுப்பில் தையல் பழகினோம். வேலிக்கு அந்தப் பக்கம் உன் மிசின், இந்தப் பக்கம் என் மிசின். தொழில் ஒன்றுதான், குணம் வேறு. முடியாது என்று சொல்ல உன் வாயில் 'ஏலா' என்ற சொல் தயாராக நிற்கும். எனக்கு அந்தச் சொல் தொண்டையோடு நின்றுவிடும். நோன்பு மாதத்தில் யார் துணியோடு வந்தாலும் "வெச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவேன். எப்போது வர என்று கேட்டால், எல்லாருக்கும் ஒரே பதில்: "பெருநாளைக்கி மொதல் நாள் வாங்க."

பெருநாளைக்கு முதல் நாள் எது என்று பிறை கண்டால்தானே தெரியும்! ஊரில் இருக்கிற தையல்காரிகள் முக்கால்வாசிப் பேரும் செய்கிற மடத்தனம் இது. நோன்பு எப்படியும் முப்பது ஓடும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு வருடம் இருபத்தொன்பதிலேயே பிறை தெரிந்துவிட்டது. ஈச்சம்பழத்தை வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்திருப்பேன், பள்ளி ஸ்பீக்கரில் பெருநாள் தக்பீர் தொடங்கிவிட்டது. நாளைக்குத் தைக்கலாம் என்று வைத்திருந்த துணி கட்டில் முழுக்கக் குவிந்து கிடக்கிறது. பாதிக்குப் பொத்தான் இல்லை, பாதிக்கு ஓரம் மடிக்கவில்லை. அதற்குள் வாசல் கடப்படியில் பெண்கள் கூட்டம். "ராத்தா, என்ட அபாயா!" "மச்சி, என்ட புள்ளட கவுன்!" எனக்குப் பிறை மேலே கோபம், கண்டு சொன்னவர்கள் மேலேயும் கோபம். "இன்னொரு நாள் மேகத்துக்குள்ள இரிந்தா என்ன கொறஞ்சி போகும் அதுக்கு?" என்று கத்தினேன்.

அப்போதுதான் நீ வந்தாய். இரண்டு கையிலும் மருதோன்றி அப்பி, கைகளை உயரத் தூக்கிக்கொண்டு, வேலிக் கடப்பைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு. எனக்கு வயிறு எரிந்தது. தையல்காரி பெருநாளைக்கு முந்தி மருதோன்றி போடமாட்டாள், துணியில் பட்டால் கறை போகாது. உன் கையில் மருதோன்றி இருந்ததென்றால் உன் வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

"பாத்துட்டு நிக்காயே, ஒரு கை குடுகா!" என்றேன்.

"எந்தக் கையக் குடுக்க? ரெண்டும் ஈரம்" என்றாய். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாய். "எல்லாரும் உள்ளுக்கு வாங்க! பொத்தான் தைக்கத் தெரிஞ்ச ஆக்கள் பாயில இரிங்க. ஓரம் மடிக்கத் தெரிஞ்ச ஆக்கள் கட்டில்ல இரிங்க. ஒண்டும் தெரியாத ஆக்கள் எனக்குத் தண்ணியப் பருக்குங்க, நான் இன்னும் ஒழுங்கா நோம்பு தொறக்கல்ல!"

அல்லாஹ்வே, என்ன சிரிப்பு அன்றைக்கு! துணி கொடுத்தவர்களே உட்கார்ந்து அவரவர் துணிக்கு ஊசி பிடித்தார்கள். என் மனுசனை ஸ்திரிக்கைப் பெட்டியோடு மூலையில் உட்கார வைத்தாய். வெட்கத்தில் அவர் தலையே நிமிரவில்லை. ஒருத்திக்கும் துணி இல்லாமல் போகவில்லை, எல்லாரும் சந்தோசமாகத்தான் போனார்கள்.

ஆனால் பெருநாள் தொழுகைக்கு ஊர் புறப்பட்ட நேரம் நான் பாயில் விழுந்தவள்தான், பின்னேரம் அசருக்குத்தான் கண் விழித்தேன். என் மகள் போன வருடத்துக் கவுனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று வெட்டிய துணி வெட்டியபடியே கிடந்தது. உன் வீட்டு வட்டிலப்பத்தை ஒரு பீங்கானில் வைத்துக்கொண்டு, அவள் சந்தோசமாகத்தான் சொன்னாள்: "உம்மா, நீங்க தூங்கக்குள்ள பெருநாள் போயிட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை எனக்காக மிச்சம் வைத்த வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே அழுதேன். நீ பக்கத்தில் வந்து இருந்தாய். "அழாதகா. அழுதுட்டுத் திண்டா பண்டம் உப்புக் கரிக்கும்" என்றாய். அதன் பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தாய்.

"நோம்பு இருபத்தொம்பதுதான் எண்டு வெச்சிக்க. முப்பதாவது வந்தா, அது அல்லாஹ் நமக்கு சும்மா தாற நாள்."

"சும்மா நாளா? அதுல இன்னும் எத்தின துணி தைக்கலாம்!"

"அதத்தான் செய்யப்படா" என்றாய். "சும்மா வந்த நாள வித்துப் போடுறதா? உன்ட புள்ள வளந்து இன்னொருத்தன் கையப் புடிச்சாப் பொறகு, எந்தக் கடையில வாங்குவாய் அந்த நாள?"

அடுத்த நோன்பில் நீ என் கடப்படியில் காவலுக்கே நின்றாய். பாதி நோன்புக்குப் பிறகு தைக்கப் புதுத்துணி ஏற்கக் கூடாது என்பது உன் சட்டம். "மிசின் பழுது எண்டு சொல்லன்கா" என்று நான் கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தால், "நோம்பும் புடிச்சிட்டுப் பொய்யா? ஏலா எண்டா ஏலாதான்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுவாய். ஒரு நாள் அக்கரைப்பற்றிலிருந்து என் மாமியே துணியோடு வந்து இறங்கினா. மாமிக்கு ஏலா என்று சொன்னால் நான் இந்த வளவில் குடியிருக்கிறதா? நீ அவவின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாய். "மாமி, உங்கட துணி வடிவான துணி. இத அவசரத்துல தச்சா பாவம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கித் தாறம், ராணி மாதிரி உடுத்துட்டுப் போங்க" என்றாய். மாமி உன்னைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "இவளப் போல ஒரு கூட்டாளி எனக்கு இரிந்திருந்தா, நானும் கொஞ்சம் வாழ்ந்திருப்பன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தா. அவ சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அந்த வருடம் நோன்பு முப்பது ஓடியது. வேலையெல்லாம் முதல் நாளே முடிந்திருந்தது. எனக்கோ கை கால் ஓடவில்லை. மிசினுக்குக் கிட்டப் போவதும் வருவதுமாக இருந்தேன். நீ வந்து மிசின் பெட்டியைப் பூட்டி, திறப்பை உன் இடுப்பில் செருகிக்கொண்டாய். இரண்டு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாய். இழுத்துப் போட்டிருந்த தோணி நிழலில் பாய் விரித்தோம். திங்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை, நோன்புதானே. சும்மா இருந்தோம். என் மனுசன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நம்ம ரெண்டு பேரும் கதைக்க என்ன இரிக்கி?" என்றார். அதற்குப் பிறகு அசர் வரைக்கும் வாய் ஓயவில்லை அவருக்கு! சின்ன வயதில் கரப்பந்து விளையாடி முன்பல் உடைத்த கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த உடைந்த பல்லோடுதான் அவர் எனக்கு மாப்பிள்ளையாக வந்தார், எப்படி உடைந்தது என்று எனக்குத் தெரியாது பார்.

அதற்குப் பிறகு முப்பதாம் நோன்பு வந்த வருடமெல்லாம் நமக்கு இரண்டு பெருநாள். இருபத்தொன்பதில் பிறை கண்ட வருடங்களிலும் நான் தூங்கிப் போகவில்லை. என் மகளுடைய உடுப்புத்தான் முதலில் தைத்து முடியும். இதெல்லாம் உன்னால் வந்த பாக்கியம், அல்ஹம்துலில்லாஹ்.

போன ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு உனக்கு நெஞ்சு வலி என்றார்கள். கல்முனைக்குக் கொண்டு ஓடினோம். உயிரோடு அல்ல, ஜனாசாவாகத்தான் உன்னைத் திருப்பிக் கொண்டு வந்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஏலாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு தையல்காரி மௌத்தானால் வீட்டில் ஓதுகிற கத்தத்துக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் அழுது முடித்துவிட்டு மெல்லக் கேட்பார்கள்: "என்ட துணி ஒண்டு குடுத்திரிந்தன்..." உன் வீட்டில் அப்படி யாராவது கேட்பார்கள் என்று நான் மூலையில் காத்திருந்தேன். ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாருடைய துணியையும் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் மனுசன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இந்த நோன்பு தொடங்கும்போது எனக்கு ஒரே ஒரு பயம்தான். கடப்படியில் நீ இல்லை. இனி எனக்காக யார் 'ஏலா' சொல்வது? நல்ல காலம், இப்போது ஓர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஏலா என்று எழுதி அனுப்புவது சுகம், அதையும் என் மகள்தான் எழுதினாள். முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற தேவை மாதம் முழுக்க வரவில்லை. தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் இதை எழுதத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு எழும்ப வேண்டியதாயிற்று. மேல் ஒழுங்கையில் போன மாதம் கலியாணம் முடித்த பிள்ளை ஒரு பையோடு வந்து நிற்கிறாள். "பிறை காணல்லதானே ராத்தா, உங்களுக்கு இன்னொரு நாள் கிடைச்சிரிக்கி! இத மட்டும் தச்சித் தாங்க. அவர் கட்டார்ல இரிந்து அனுப்பின துணி" என்றாள். கண் கலங்கி நிற்கிறாள். துணி பட்டுப் போல வழுக்குகிறது. ஒரு மணித்தியால வேலை, கூடினால் இரண்டு. என் கை தானாகப் பைக்கு நீண்டுவிட்டது, உனக்குத் தெரியும்தானே என் கையை.

நீட்டிய கையால் அவளுடைய கையைப் பிடித்தேன். கதிரையில் இருத்தினேன்.

"ஏலா மகள்" என்றேன். "இண்டைக்கி ஏலவே ஏலா. பெருநாள் முடிய வா, வடிவாத் தச்சித் தாறன். அத உடுத்து அவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

குசினிக்குள் அம்மிச் சத்தம் நின்றது. "யாரும்மா அது?" என்று என் மகள் அங்கிருந்தே கேட்டாள். "சாச்சி கதைச்ச மாதிரி இரிந்திச்சி."

"நான்தான் மகள்" என்றேன்.