பட்டிருக்கக் கூடாத டார்பிடோ

ஓசூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள மாதேஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே அந்தக் குளிர் தேசத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று அடுத்த வரியில் கேட்பது வழக்கம், கேட்கிறேன். ஆனால் நன்றாக இருக்கிறேன் என்று நீ பதில் எழுதினால் அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் போனை விட்டுவிட்டுக் காகிதம் எடுத்திருக்கிறேன். போனில் நீ அய்யோ அப்பா என்று சிரித்து மழுப்பிவிடுவாய், நான் கத்துவேன், உன் அம்மா நடுவில் போனைப் பிடுங்கி சாப்பிட்டியா கண்ணு என்று ஆரம்பித்துவிடுவாள், விஷயம் அப்படியே போய்விடும். அவள் மாங்காய்த் தொக்கு, எள்ளுப்பொடி எல்லாம் பார்சல் கட்டுகிறாள், அதற்குள்ளேயே இதையும் வைக்கிறேன். அவள் படித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டில் எண்ணெய்க் கப்பல் ஒன்றை மூழ்கடித்தோமே, நடுவுல கரெக்டா பட்டுச்சுப்பா என்று நீ கத்தினாயே, அது பட்டிருக்கக் கூடாது. நான் கொடுத்த கணக்கு தப்பு. தப்பான கணக்குக்கு டார்பிடோ பட்டது என்றால் என் கணக்கை நீ போடவே இல்லை என்று அர்த்தம்.

நம் முறை உனக்குத் தெரியும், பத்தாவது படிக்கும்போது நம் பழைய கம்ப்யூட்டரில் உனக்கு நான் பெரிஸ்கோப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததுதான். இருந்தாலும் எழுதுகிறேன், எங்கே ஏமாந்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். படகை நிறுத்தி வைத்துக்கொண்டு, பெரிஸ்கோப்பின் நடுக்கோட்டைக் கப்பலின் மூக்கு தொடும்போது நீ அங்கே கம்ப்யூட்டரில் பார்த்துப் போனில் சொல்வாய், வால் தாண்டும்போது சொல்வாய். கப்பலின் நீளத்தை அந்த நொடிகளால் வகுத்தால் வேகம். அதன் கொடிக்கம்பம் எத்தனை கோடு உயரம் தெரிகிறது என்றால் தூரம். இரண்டு முறை திசையும் தூரமும் சொன்னால் என் காகிதத்தில் இரண்டு புள்ளி, அவற்றைச் சேர்த்தால் கப்பல் போகிற பாதை. அந்தப் பாதைக்குச் செங்குத்தாக நம் படகின் மூக்கைத் திருப்பி வைத்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் டார்பிடோ நேராகத்தான் போகும். கப்பலின் வேகம் எட்டு நாட், டார்பிடோவின் வேகம் முப்பது நாட் என்றால் எட்டை முப்பதால் வகுத்துக் கோணம் எடுத்தால் பதினைந்து டிகிரி. கப்பல் வருகிற பக்கம் பதினைந்து டிகிரி தள்ளிப் பெரிஸ்கோப்பை நிறுத்திக் காத்திருந்து, அந்தக் கோட்டில் கப்பல் வந்து விழும்போது சுட்டால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும். தூரம் கொஞ்சம் தப்பினாலும் இந்த முறையில் பாதகம் இல்லை. பக்கம் மட்டும் தப்பக் கூடாது.

எனக்குப் பக்கம் தப்பியது. அந்த வாரம் முழுக்கக் கம்பெனி டூல் ரூமில், பாகத்தைப் பிடித்து வைக்கிற ஒரு பெரிய ஃபிக்ஸ்சருக்கு வட்டத்தில் துளை போடுகிற புரோகிராம்தான் எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் டபுள் ஷிப்ட். எங்கள் மெஷினில் கோணத்தைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக எண்ணுவோம். கடலில் கடிகாரம் ஓடுகிற பக்கமாக எண்ண வேண்டும். அந்தக் கப்பல் வலப்பக்கத்திலிருந்து வந்தது, பதினைந்து என்று சொல்லியிருக்க வேண்டும், மெஷின் பழக்கத்தில் முன்னூற்று நாற்பத்தைந்து என்று சொல்லிவிட்டேன். அதாவது கப்பல் நம் மூக்கைத் தாண்டி இடப்பக்கம் போன பிறகு சுடு என்று சொல்லியிருக்கிறேன். அந்த டார்பிடோ கப்பலின் வாலுக்குப் பின்னால் வெறும் தண்ணீரில் போயிருக்க வேண்டும். நீ சரிப்பா, முன்னூத்தி நாப்பத்தஞ்சு, சுட்டேன் என்றாய். கொஞ்ச நேரத்தில் போனில் வெடிச் சத்தம் கேட்டது. நான் மேசையைத் தட்டினேன், உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், மறுநாள் டீ குடிக்கும்போது வெள்ளைச்சாமியிடமும் பெருமையடித்தேன். அடுத்த மெஷினில் நிற்பாரே, விருதுநகர்ப் பக்கத்து ஆள், அவர்தான். திரும்பி வந்து மெஷினில் கோணத்தை அடிக்கும்போது கை நின்றுவிட்டது. மனதுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அது படாது.

வெள்ளைச்சாமியிடம் சொன்னேன், அது படாத குண்டு, பட்டிருக்கிறது என்று. அவர், ஏன் சார், குண்டு படலைன்னா வருத்தப்படுவாக, நீங்க என்ன பட்டதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீக என்று கேட்டார். இரண்டாவது டீயும் எனக்கு இறங்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான், பிள்ளையக் கேளுங்க சார், மெஷினக் கேக்காதீக என்றார். உன்னைக் கேட்கவில்லை. சில வாரம் மனதிலேயே வைத்திருந்துவிட்டு இந்தத் திங்கட்கிழமைதான் உன் அம்மாவைக் கேட்டேன். அவள் ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள், அது பாப்பா போன கொஞ்ச நாள்ல இருந்தே ஆட்டோல தானுங்க போட்டுட்டு இருக்குது, நாந்தான் போடச் சொன்னேன். கம்ப்யூட்டரே குறி பார்த்துக்கொள்கிற பொத்தான். அதைப் போட்டால் நீ சும்மா கப்பலைப் பார்த்து அழுத்தினால் போதும், டார்பிடோ தானே வளைந்து போய் இடிக்கும். அந்தப் பொத்தானை நம் வீட்டில் யாரும் தொடக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தோம். நான் தனியாகச் செய்ததில்லை, நீயும் நானும் சேர்ந்து செய்த முடிவு அது.

ஏன் என்று கேட்டதற்கு உன் அம்மா சொன்ன காரணத்தையும் எழுதுகிறேன், என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. நீ போன புதிதில் வரிசையாக நான்கைந்து குண்டு தப்பியதே, அது போன் லைனில் நீ சொல்கிற நொடிக்கும் எனக்குக் கேட்கிற நொடிக்கும் இடைவெளி விழுந்ததாலாம். தப்பினா நீங்க சும்மா இருக்குறீங்களா, அதை ஏன் லேட்டா சொன்ன, இதை ஏன் ஒழுங்கா பாக்கலன்னு ஒரே ராமாயணம், பாப்பா அங்க ஒத்தையில உக்காந்து வாரத்துக்கு ஒரு தரம் அப்பன்கிட்ட திட்டு வாங்கவா போன் பண்ணுது, பட்டுச்சுன்னா சிரிக்கிறீங்க, வேளைக்கு சாப்புடுறீங்க, எனக்கும் நிம்மதி என்றாள். நான் திட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. தப்பை எங்கே தப்பு என்று சொல்லாமல் வேறு என்ன செய்வது. லைனில் இடைவெளி விழுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடைவெளியையும் கணக்கில் சேர்த்திருப்பேன், பத்து நிமிஷ வேலை. எனக்கு வேண்டியது சிரிப்பு என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கம் ஸ்கேலும் கோணமானியும் வைத்துக்கொண்டு ஒரு பைத்தியக்காரன் மாதிரி கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீ அங்கே என் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கியிருக்கிறாய். குழந்தை கையில் ஓடாத கைக்கடிகாரத்தைக் கட்டி மணி என்ன என்று கேட்பார்களே, அப்படி.

டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம் செய்தவன் நான், இப்போதுதான் நாற்பதைத் தொடுகிறேன். அப்பா என்று நீ கூப்பிட்டாலும் ஒரே ஷிப்ட்டில் நிற்கிற இரண்டு பேர் மாதிரித்தான் உன்னோடு இருந்தேன். உன் மதிப்பெண் குறைந்தால் குறைந்தது என்பேன், என் கம்பெனியில் எனக்குப் பதவி உயர்வு வராதபோது வரவில்லை என்று உன்னிடம்தான் முதலில் சொன்னேன். மற்றவர்கள் என்னிடம் பூசி மெழுகலாம். உன்னிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

விளையாட்டோடு போயிருந்தால் ரெண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு விட்டிருப்பேன். கவலை அது இல்லை. உன் பயிற்சியில் சோதனைக் காலம் முடிந்துவிட்டது, கம்பெனி உன்னை வைத்துக்கொண்டது, எல்லாம் நல்லா போகுதுப்பா என்று நீ சொன்னதும் அதே மாதத்தில்தான். அன்றைக்கும் நான் மேசையைத் தட்டினேன். இப்போது யோசிக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு முறை நீ வேலையில் இருக்க வேண்டிய நேரத்தில் உன் அறையிலிருந்து பேசினாய். முன்பெல்லாம் அந்த ரோபோ கையைப் பற்றி, அதைக் கழற்றி மாட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் போனை வைக்க மாட்டாய், இப்போது ரோபோவும் இல்லை, உனக்கு வேலை கற்றுத்தருகிற மேஸ்திரி கிழவரும் இல்லை, அங்கே மழை, இங்கே மழை என்று வானிலை மட்டும் சொல்கிறாய். இதெல்லாம் திசை மட்டும்தான். திசையை வைத்துக் கப்பல் எங்கே என்று சொல்ல முடியாது, தூரமும் வேண்டும், அது உன்னிடம்தான் இருக்கிறது. உன் அம்மாவைக் கேட்டேன், உனக்கு ஏதாவது தெரியுமா என்று. இந்த விஷயத்துல சத்தியமா ஒண்ணும் தெரியாதுங்க என்றாள். அதையும் எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பார், இதைத்தான் சொல்கிறேன். ஒரு குண்டு பொய்யாகப் பட்டால் அதற்கு முன்னால் பட்டதெல்லாம் சந்தேகம்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவர்கள் உன்னை வைத்துக்கொண்டார்களா, இல்லை வேண்டாம் என்றார்களா. வேண்டாம் என்றிருந்தால் அது ஒரு குண்டு தப்பியது, அவ்வளவுதான். வேறு கம்பெனி தேடலாம், இல்லை கிளம்பி வா, இந்த சிப்காட்டில் பெண்பிள்ளைகளை பஸ் பஸ்ஸாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள், மெக்கட்ரானிக்ஸ் தெரிந்தவளுக்கு இங்கே இடம் இல்லாமல் போகாது. யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கத்துவேனா என்றால் கத்துவேன், என் குரலே அப்படித்தான், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பயந்து நல்ல செய்தி தயாரித்து அனுப்பாதே.

ஊர்ச் செய்தி, பேரிகையில் நாராயணம்மா அத்தை குடைமிளகாய் போட்ட பசுமைக்குடில் காற்றில் கிழிந்துவிட்டது, மாமா மறுபடியும் வலை கட்டுகிறார். அத்திப்பள்ளியில் பாலம் வேலை, பெங்களூர் போகிறவர்கள் பாதி நாள் அங்கேயே நிற்கிறார்கள். போன வாரம் தேன்கனிக்கோட்டை ரோட்டில் யானைகள் இறங்கி உன் அம்மாவின் ஷிப்ட் பஸ் நின்றுவிட்டது. ஆனெ நிக்குதும்மா, நகந்தாத்தான் வருவோம் என்று டிரைவர் சொன்னதை அப்படியே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். எத்தனை யானை, குட்டி இருக்கிறதா, பஸ் எவ்வளவு தள்ளி நிற்கிறது எல்லாம் சொன்னாள். பயந்துதான் இருந்தேன், ஆனால் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்து பயந்தேன். அதே உன் அம்மாதான் உனக்குப் பொத்தானை அமுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், எனக்கு அது இன்னும் புரியவில்லை. மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை நான். அவளும் கெஞ்சவில்லை, தொக்கு மட்டும் ஒரு பாட்டில் அதிகமாகக் கிண்டியிருக்கிறாள், ஒன்று எனக்காம்.

பாட்டிலைப் பாத்திரத்துக்கு மேலே வைத்து மூடியைத் திற, எண்ணெய் பொங்கும். குளிருக்குக் காதை மூடு. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. அறையில் தனியாக உட்கார்ந்து யோசிக்காதே, யோசித்தால் எனக்கு எழுது.

விளையாட்டை நிறுத்தப் போவதில்லை. ஞாயிறு வழக்கம் போலக் கோணமானியோடு உட்கார்ந்திருப்பேன். நீ ஆட்டோவை எடுத்துவிட்டு வா. லைன் இடைவெளிக்குத் திருத்தமும் போட்டு வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று, இனிமேல் ஏதாவது ஒரு ஞாயிறு வேண்டுமென்றே தப்பான எண்ணைக் கொடுப்பேன். எந்த ஞாயிறு என்று சொல்ல மாட்டேன், உன் அம்மாவுக்கும் தெரியாது. அன்றைக்கு நீ சுட்டுவிட்டுக் காத்திருப்பாய், நானும் இந்தப் பக்கம் காத்திருப்பேன். நேரம் ஓடிப்போகும், ஒன்றும் கேட்காது. தப்பிடுச்சுப்பா என்று நீ சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை உன் வாயால் கேட்ட பிறகுதான், நன்றாக இருக்கிறேன் என்று நீ சொல்வதை நான் மறுபடியும் நம்ப ஆரம்பிக்க முடியும்.

மாதேஸ்வரன் துணை இருக்கட்டும். எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
பிரேம்குமார்

அம்மா கேட்கச் சொன்னாள், தொக்கில் காரம் போதுமா என்று. உண்மையைச் சொல்.