அயோடின் ஊற்றும் வரை

திங்கள், ஜூலை 14

காலையிலேயே வெயில். கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ் சோழவரத்துக்கே இருபது நிமிடம் லேட். கிருமி வளர்க்கும் ஸ்டார்ச் தட்டு பன்னிரண்டு ஊற்றினேன். கிருமியை ஆவியில் கொல்லும் ஆட்டோகிளேவ் மறுபடி லீக். சொல்லியாச்சு.

கஞ்சி போட்ட துணியிலிருந்து கஞ்சியை எடுக்கும் என்சைம்தான் எங்கள் சரக்கு. அதை இன்னும் நன்றாகச் சுரக்கும் கிருமி ஒன்று வேண்டுமாம். லேப் சார் என்னையும் ஹேமாவையும் அவரவர் ஊர் மண்ணைக் கொண்டுவரச் சொன்னார். யார் மண்ணில் கிடைக்கிறதோ அவருக்கே பெரிய டேங்க் ட்ரையல், அவருக்கே பெர்மனென்ட். ஒரே ஓர் இடம். நான் ஏழு வருஷமாக கான்ட்ராக்ட். ஹேமா வந்து பதினோரு மாதம்.

நான் எங்கள் நெல் வயல் மண். அவள் பெரியபாளையத்துக்காரி. கோயில் பக்கம் பொங்கல் வைக்கிற இடத்து மண். வருஷக்கணக்கில் சோற்றுக் கஞ்சி பொங்கி வழிந்த மண். அந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை?

செவ்வாய், 15

ஹேமா புது சுடிதார், மாம்பழக் கலர். சார், "நல்லாக்குதும்மா" என்றார். ஏழு வருஷத்தில் என்னிடம் "தட்டு காஞ்சிச்சா?" மட்டும்தான்.

நேற்று ஊற்றிய தட்டெல்லாம் வேறு டெஸ்டுக்குப் போயாச்சு, தட்டில் ஊற்றும் மீடியாவும் குறைவு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டு, நடுவில் மார்க்கர் கோடு. இடது பக்கம் நான், வலது அவள்.

மதியம் என் டிபன் பாக்ஸில் கை விட்டாள். "அக்கா, உன் காரக்குழம்பு சூப்பர்க்கா." சிரித்து வைத்தேன். எரிச்சல்.

வியாழன், 17

ஆடி முதல் நாள். பெரியபாளையம் ரோடு ஜாம், ஹேமா லேட். அயோடின் பட்டால் கிருமி செத்துவிடும், அதனால் தட்டில் முளைத்ததை முதலில் ஊசியால் தொட்டுத் தனியே எடுத்து வைத்தேன். பிறகு சார் அயோடின் ஊற்றினார். கஞ்சி இருக்கிற இடமெல்லாம், தட்டு முழுக்க, கருநீலம். கோட்டின் மேல் மட்டும் வெளிர் வட்டம் ஒன்று, அங்கே கஞ்சி கரைந்திருக்கிறது. வட்டத்துக்குள் இரண்டு கிருமிப் புள்ளி. இந்தப் பக்கம் என்னுடையது, அந்தப் பக்கம் அவளுடையது.

எது செய்தது?

சார் சொன்னார்: "கிருமியால கஞ்சிய அப்டியே முழுங்க முடியாது சுமதி. என்சைம வெளிய வுட்டு, வெட்டி, சர்க்கரையாக்கித்தான் குடிக்கும். வெளிய வுட்டது எல்லாத்துக்கும் பொது. பக்கத்துல ஒண்ணு சும்மா குந்திகினு உறிஞ்சும்."

சும்மா குந்திகினு என்றபோது என்னைப் பார்த்தாரா? பார்த்தார்.

ஹேமா நெற்றி நிறைய குங்குமத்தோடு ஓடி வந்தாள். "அக்கா, ரவுண்டு உன் பக்கம்தான் ஜாஸ்தி கீது. உன்துதான்." இரக்கம் காட்டுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் எடுத்து வைத்திருந்த இரண்டையும் சார் தனித்தனித் தட்டில் தானே வைத்தார். சனிக்கிழமை தெரிந்துவிடும்.

வெள்ளி, 18

பொறாமைதான். எழுதிவிட்டேன், யார் படிக்கப் போகிறார்கள்.

அவள் ஏன் ஜெயிப்பாள்: பொங்கல் மண். எம்.எஸ்ஸி. பல்வரிசை. அவளுக்கு எல்லாம் தானாக நடக்கும்.

அத்திப்பட்டில் ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர்: "இன்னா, ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சினு கீற?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா சட்னில ரெண்டு தபா உப்பு போடுவியா?"

சனி, 19

7.40. லேபில் நான் மட்டும். இன்குபேட்டரில் இரண்டு தட்டு. இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளி. அயோடின் படாமல் வட்டம் தெரியாது. பெயரைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். சார் அவசரத்தில் மூடி மேல் எழுதியிருந்தார். சு. ஹே.

மூடியை மாற்றினேன். இரண்டு விநாடி.

10 மணி. இரண்டிலிருந்தும் ஊசியால் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, சார் அயோடின் ஊற்றினார். ஒன்று முழுக்கக் கருநீலம். இன்னொன்றில் கைக்கடிகாரம் அளவுக்குப் பளிச்சென்று வட்டம். மூடியைத் திருப்பிப் படித்தார். "ஹே."

புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. மூடிதான் அவளுடையது. தட்டு என்னுடையது. என் வயல், என் கிருமி. சும்மா உட்கார்ந்து குடித்தது அவளுடையது.

வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

ஹேமா அழுதுகொண்டே கட்டிக்கொண்டாள். "நீ சொல்லிக் குடுத்துதாலதான்க்கா." முதுகில் தட்டிக் கொடுத்தேன். 'சு' தட்டை ஆட்டோகிளேவில் போடச் சொன்னார் சார். போட்டேன்.

திங்கள், 21

தூறல். ஹேமாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. எல்லோருக்கும் மைசூர்பாகு. நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

டேங்க் நிரப்பியாச்சு. என் கையெழுத்து அழகாம், கிருமியின் பெயரை ஸ்டிக்கரில் என்னையே எழுதச் சொன்னார் சார். 'பெரியபாளையம் – 1' என்று எழுதி ஒட்டினேன்.